சாவுப் பலகையில் பாதி வெள்ளை

கெசியா பிராசர் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் பிரிம்ஹோப் கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாதிரியார் டேபர் கல்யாண ஓலை வாசித்தபோது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவுக்கும் பெரியம்மா மெர்சிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்தச் சபையைச் சேர்ந்த ஆம்புரோஸ் கால்வர்ஹே, மங்க்ஸ்வெல் சபையைச் சேர்ந்த கெசியா பிராசர்" என்று வாசித்துவிட்டு, தான் வாசித்ததைத் தானே நம்பாதவர் போல, பாதிரியார் தாளை இன்னொரு முறை பார்த்தார். காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்த கிழவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள்.

பெரிய வீட்டுக்காரர்கள் ஓலை வாசிக்கவிடமாட்டார்கள். பிஷப்பிடம் அனுமதி வாங்கி, யாரும் எதிர்பார்க்காத ஒரு வாரநாளில் சத்தமில்லாமல் கட்டிக்கொள்வார்கள். மூன்று ஞாயிறும் ஊர் கேட்க வாசிப்பது எங்களைப் போன்றவர்களுக்கு. ஆம்புரோஸ் ஐயா வேண்டுமென்றேதான் அப்படி வாசிக்கச் சொன்னார். தான் கட்டிக்கொள்ளப் போகிறவளை ஒளித்துவைக்க அவருக்கு விருப்பமில்லை. அந்த முதல் ஞாயிறன்றே அவருடைய அக்கா மிஸ் ஹொனோரியா எழுந்து, பட்டு சரசரக்க நடுவழியே நடந்து வெளியே போனாள். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டவளைப் போலப் போனாள்.

மெர்சி பெரியம்மா கால்வர்ஹேக்களின் நெதர்கோர்ட் வீட்டில் துணி வெளுக்கிறவள். அவள்தான் என் தலைக்கு மேலாக அம்மாவிடம் கிசுகிசுத்தாள்: "ஆத்துக்கு அக்கரை சக்கரத் தச்சன் ரூபன் இருக்கானே, அவன் மகடி. எங்க பெரிய வீட்டுப் பால் அறையில வெண்ணெய் கடையறவ."

ரூபன் பிராசரின் அம்மா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட சித்தி. அந்தக் கணக்கில் கெசியா எனக்குத் தூரத்து அக்கா முறை. அன்றுவரை அந்த உறவை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. ஓலை வாசித்த பிறகு பார்த்தால் பிரிம்ஹோப்பில் பாதிப் பேருக்கு அவள் உறவாகிவிட்டாள். உறவு சொல்லிக்கொண்டே அதே வாயால் பழித்தார்கள். வெண்ணெய் கடைந்த கை இனிமேல் கையுறை போடப்போகிறதாம், மாட்டுக்கு அடியில் உட்கார்ந்தவள் வண்டிக்குள் உட்காரப்போகிறாளாம். இதைச் சொன்னவர்களின் பெயர்களெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இங்கே இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

கால்வர்ஹேக்களின் குலச்சின்னம் நீலக் கேடயத்தில் மூன்று வெள்ளை நாரைகள். வாசல் தூணில் நாரை, கோயில் கண்ணாடியில் நாரை, மதுக்கடைப் பலகையில் நாரை, பெரியம்மா வெளுக்கும் தலையணை உறையின் மூலையில்கூட நாரை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. என் பெயரைப் போடுவேன், அதோடு சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குக் கேடயம் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வண்டி தூரத்தில் வரும்போதே அதன் கதவைப் பார்த்து, யார் வீட்டு வண்டி, உள்ளே இருப்பவர் கல்யாணமானவரா, மனைவி எந்த வீட்டுப் பெண் என்றெல்லாம் மாடு மேய்க்கிறவனும் சொல்லிவிடுவான். புருஷனுடைய சின்னம் நாம் பார்க்கும்போது இடது பக்கம். பெண்டாட்டி பிறந்த வீட்டுச் சின்னம் வலது பக்கம்.

சக்கரத் தச்சன் மகளுக்கு ஏது சின்னம்? கல்யாணத்துக்குப் பிறகு வண்டிக் கதவுக்குப் புதிதாக வர்ணம் பூச லெம்ஸ்டரிலிருந்து கம்மரி என்ற வர்ணக்காரர் வந்தார். வலது பாதியில் என்ன போடுவது என்று கேட்டார். மிஸ் ஹொனோரியா வாசலில் நின்றுகொண்டு, "ஒரு பாலாடைக்கட்டியைப் போடுங்களேன், கம்மரி. பொருத்தமா இருக்கும்" என்றாள்.

ஆம்புரோஸ் ஐயா சிரித்துவிட்டார். அவர் குள்ளமான மனிதர். சிரிப்பு மட்டும் அவரைவிடப் பெரிதாக இருக்கும். "போடுங்க, கம்மரி. இத்தனை தலைமுறையா அந்தக் கதவுல திங்கறதுக்கு உதவாத நாரைங்கதானே நிக்குது" என்றார். கடைசியில் கேடயம் முழுவதும் நாரைகளே இருந்தன. கெசியாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு அவர் போதும், அவருடைய பறவை எதற்கு என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வேலைக்காரியைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். கல்யாணமாகி வந்த அன்று மாலை, சாப்பாட்டு மேஜையில், மிஸ் ஹொனோரியா அவளைப் பார்த்து, "பிராசர், உப்பை இப்படித் தள்ளு" என்றாள். ஆம்புரோஸ் ஐயா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மேஜையில பிராசர்னு யாரும் இல்லையே அக்கா" என்றார். அதோடு அவர் இருக்கும் இடங்களில் அந்தப் பேச்சு நின்றது. அவர் வெளியே போனால் மறுபடி பிராசர்தான். படிக்கட்டில் பிராசர், தோட்டத்தில் பிராசர், பிள்ளை பெற்று எழுந்த மூன்றாம் நாள் பிராசர். பிறந்தது பெண். ஜெமைமா என்று பெயர் வைத்தார்கள். வீடும் நிலமும் பழைய ஏற்பாட்டின்படி ஆண் வாரிசுக்குத்தான் போகும், வொர்செஸ்டரில் இருந்த ஒரு சித்தப்பா மகனுக்கு. அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான். அதைப் பற்றி யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. இனி நான் சொல்லப்போவதைச் சொத்துத் தகராறு என்று யாராவது நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பீருக்குப் போடுகிற ஹாப்புப் பூவைப் பறிக்கும் காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. பறிக்க வந்தவர்களின் கூடாரங்களில் தொடங்கி ஊருக்குள் பரவியது. ஆம்புரோஸ் ஐயா கூடாரம் கூடாரமாகப் போய்ப் பார்த்தவர். அவரையும் பிடித்தது. கெசியா பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். பத்து நாள்கூடத் தாங்கவில்லை அவர்.

பெரிய வீட்டில் யாராவது போனால் முன்வாசலுக்கு மேலே சாவுப் பலகை மாட்டுவார்கள். சதுரப் பலகை, முனை கீழே பார்க்கும்படி சாய்த்து மாட்டியிருக்கும். நடுவில் கேடயம். அதைச் சுற்றியுள்ள இடத்தில்தான் சேதி இருக்கிறது. புருஷன் போய் மனைவி இருந்தால் புருஷன் பக்கம் கறுப்பு, மனைவி பக்கம் வெள்ளை. மனைவி போய்ப் புருஷன் இருந்தால் இடம் மாறும். இருவரும் போய்விட்டால் முழுக்கக் கறுப்பு. கல்யாணமே ஆகாமல் போனவருக்கும் முழுக்கக் கறுப்பு. ஒரு வருஷம் வீட்டு முகப்பில் தொங்கிவிட்டுப் பிறகு கோயில் சுவருக்குப் போகும். மணி அடித்தால் ஊருக்குத்தான் கேட்கும். பலகை அப்படியில்லை. சாலையில் போகிற ஒவ்வொருவனும் அதைப் படித்துவிட்டு அடுத்த ஊருக்குச் சேதி கொண்டுபோவான்.

பலகைக்குச் சொல்லி அனுப்பியவள் மிஸ் ஹொனோரியா. கெசியா அப்போது பின்கட்டு அறையில், சன்னல்கள் சாத்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பெரிய வீட்டு விதவை அடக்கத்துக்குப் போகக்கூடாது, முன்வாசலுக்கும் வரக்கூடாது. இதெல்லாம் அவளுக்கு மிஸ் ஹொனோரியா சொல்லிக்கொடுத்த வழக்கங்கள். நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவளும் ஒன்று விடாமல் கேட்டு நடந்தாள்.

நான் அந்த நாட்களில் பெரியம்மாவோடு அங்கே வெளுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த துணிக்கெல்லாம் கறுப்புச் சாயம் ஏற்றுகிற வேலை. முழங்கைவரை கறுத்த கையோடு கொல்லை வழியாக வந்து, அடக்கத்துக்கு வந்த கூட்டம் ஏன் முன்வாசலில் தேங்கி நிற்கிறது என்று பார்த்தேன். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேடயத்தைச் சுற்றி இடது பக்கமும் கறுப்பு, வலது பக்கமும் கறுப்பு.

யாரோ ஒருவர், மங்க்ஸ்வெல் பக்கத்து ஆள், "அம்மாவும் போயிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவள் இருப்பது தெரியும். அப்படியானால் அந்தப் பலகைக்கு வேறு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. ஆம்புரோஸ் கால்வர்ஹே கல்யாணமாகாமல் செத்தார். அவரோடு பதினோரு வருஷம் படுத்து எழுந்தவள் வெண்ணெய் கடைய வந்த பிராசர். அந்தப் பிள்ளை யாரோ. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்துக் கேட்ட ஊர் கீழே நிற்கிறது, அந்த ஓலையை வாசித்த பாதிரியார் டேபரே பெட்டிக்கு முன்னால் வேதப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருக்கிறார், அவர் தலைக்கு மேலே அந்தப் பொய் தொங்குகிறது. அவரும் ஒருமுறை மேலே பார்த்தார். பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

கெசியாவிடம் யாரும் சொல்லவில்லை. பெரியம்மா சொல்லப் போனாள், கதவுவரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். "புருஷனைப் பறிகொடுத்து நாலு நாள் ஆகல. இதை எந்த வாயால சொல்றது" என்றாள்.

ஏனாக் பஃப்டன் என்று ஒரு சுமைவண்டிக்காரர். லெம்ஸ்டருக்கும் மலைப்பக்கத்துக்கும் போய்வருகிறவர். அடக்கத்துக்கு மறுநாள் நெதர்கோர்ட் வாசல் வழியாகப் போனார். பலகையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கடந்து போனார். காய்ச்சல் வீடு, முழுக்கக் கறுப்பு, வேறு என்ன நினைப்பார்? ஆற்றைக் கடந்ததும் மங்க்ஸ்வெல்லில் ரூபன் பிராசரின் பட்டறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, தன்னால் முடிந்த அளவு தன்மையாகச் சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. பலகையில் இருந்ததைத்தான் சொன்னார்.

சக்கரத் தச்சர்தான் எங்கள் ஊர்களில் சவப்பெட்டியும் செய்வார். மருமகன் அடக்கத்துக்கு மிஸ் ஹொனோரியா ரூபனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவருக்கு மனைவி போய் ரொம்ப நாளாயிற்று. ஒரே மகள். வண்டிச் சக்கரத்துக்கென்று உலர வைத்திருந்த நல்ல எல்ம் மரப் பலகைகளை எடுத்தார். அளவு கேட்க ஆள் அனுப்பவில்லை. மகளின் உயரம் அவருக்குத் தெரியாதா? பெரிய வீட்டில் எப்படியும் ஈயம் வைத்து வெல்வெட்டு தைத்த பெட்டி வாங்குவார்கள் என்று பட்டறையில் யாரோ சொன்னதற்கு, அவளைத் தன் கையால் செய்ததில்தான் படுக்கவைப்பேன், மீதியை அவர்கள் மேலே போட்டுக்கொள்ளட்டும் என்றாராம். இரண்டாம் நாள் மதியம் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பின்வாசல் வழியாக வரவில்லை. மகள் அந்த வீட்டு எசமானி என்பதால் முன்வாசலுக்கே வந்தார்.

நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சரளைக்கல்லில் சக்கரச் சத்தம் கேட்டு முன்வாசலுக்கு ஓடினேன். பின்கட்டு அறையிலிருந்து கெசியாவும் அதைக் கேட்டிருக்கிறாள். அவள் அப்பா வண்டியின் சத்தம் அவளுக்குத் தெரியும். சன்னல், கதவு, வழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஜெமைமாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ரூபன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி நின்றார். மகளைப் பார்த்தார். பிறகு மேலே பலகையைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். அப்புறம் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெஸ்," என்றார். "உனக்குத்தான் கொண்டுவந்தேன்."

அவள் வண்டிக்குப் பின்னால் போய் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். மூடியில் கை வைத்தாள். "யாருப்பா சொன்னது?" என்றாள்.

"பலகை சொல்லுதும்மா."

அப்போதுதான் அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. அழவில்லை. பிள்ளையின் கையை என் கறுத்த கையில் கொடுத்துவிட்டு, தாத்தாவுக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லிவிட்டு, கொல்லைப் பக்கம் நடந்தாள். பால் அறைக்குப் போனாள். பால் அறைச் சுவருக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு அங்கே எப்போதும் ஒரு வாளியில் கரைத்து வைத்திருக்கும். அதையும் பிரஷையும் எடுத்துக்கொண்டாள். தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கும் ஏணி சாய்ந்திருந்தது. அதைத் தானே இழுத்து வந்தாள். துக்கத்துக்குத் தைத்த கறுப்புப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள்.

ஏணி சுவரில் மோதிய சத்தத்தில் மிஸ் ஹொனோரியா வாசலுக்கு வந்தாள். பாதிரியார் டேபர் அவளோடு உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அவரும் கையில் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

"பிராசர், கீழ இறங்கு," என்றாள் மிஸ் ஹொனோரியா. "வேலைக்காரங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். செத்தவ ஏணி ஏறுறதை அவங்க வேற எங்க போய்ப் பாப்பாங்க."

"உனக்குச் சின்னம் கிடையாது. சின்னம் இல்லாதவளுக்கு அதுல பக்கமும் கிடையாது. அது விதி. நான் உண்டாக்கினது இல்ல."

கெசியா பிரஷை வாளியில் தோய்த்தாள். "எனக்கு உங்க சின்னம் வேண்டாம் மிஸ் ஹொனோரியா. அவர் போயிட்டாரு, அவர் பெண்டாட்டி இருக்கா. அது மட்டும் தெரிஞ்சா போதும். வண்டியில என்ன இருக்குன்னு பாத்தீங்களா? எங்கப்பா எனக்குப் பெட்டி செஞ்சு கொண்டுவந்திருக்காரு."

மிஸ் ஹொனோரியா வண்டியைப் பார்த்தாள். உள்ளே இருந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. அதை அவள் முகத்தில் நானே பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவரிடமாவது சொல்லியிருக்கலாம். "அந்த வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கெசியா வலது பாதி முழுவதும் வெள்ளையடித்தாள். கேடயத்தின் ஓரம்வரை போய், அங்கே விரலால் துடைத்துத் துடைத்து நிறுத்தினாள். நாரைகள் மேல் ஒரு சொட்டும் விழவில்லை. அவை அவள் புருஷனுடையவை. முடித்து இறங்கி, அப்பாவை உள்ளே அழைத்துப்போய் முன்னறையில், கால்வர்ஹேக்கள் உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்தாள். பெட்டியை ரூபன் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பிரிக்க மனம் வராமல் குதிரைக்கு ஓட்ஸ் கொட்டிவைக்கப் பயன்படுத்தினார்.

சின்னம் இல்லாதவளுக்குப் பக்கம் கிடையாது என்ற அந்த விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆம்புரோஸ் ஐயாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார், கர்னல். பிரிஸ்டலில் சர்க்கரை வியாபாரி மகளைக் கட்டிக்கொண்டார். அவளுக்கும் சின்னம் கிடையாது. மூட்டை மூட்டையாகப் பணம் இருந்தது. அந்தக் கர்னலின் பலகை இன்றும் எங்கள் கோயிலில், மணிக்கூண்டுக் கதவுக்கு மேலே இருக்கிறது. கேடயம் முழுக்க நாரைகள். சுற்றிலும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பணத்தோடு வந்தவளுக்கு வெள்ளை கிடைத்தது. பால்வாளியோடு வந்தவளுக்குத்தான் விதி வந்து நின்றது. அந்தக் கர்னலின் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் மிஸ் ஹொனோரியா பிறந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குள் போய் வந்தாள்.

எண்ணெய் வர்ணத்தின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. முதல் மழையிலேயே கரைந்து வாசற்படியில் வெள்ளை வெள்ளையாக ஒழுகியது. கடவுளே கழுவிவிட்டார் என்று மிஸ் ஹொனோரியா பாதிரியாரிடம் சொன்னாளாம். கெசியா மறுபடி ஏறி அடித்தாள். மறுபடி மழை, மறுபடி சுண்ணாம்பு. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஏணியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டச் சொன்னாள் மிஸ் ஹொனோரியா. பூட்டினார்கள். மறுநாள் காலையில் பால் அறைச் சுவரில் வேறொரு ஏணி சாய்ந்திருந்தது. அதையும் பூட்டினார்கள். அடுத்த நாள் இன்னொன்று. யாருடையது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் நெதர்கோர்ட் கொட்டகையில் ஏணி வைக்க இடமில்லாமல் போயிற்று. ஆப்பிள் பறிக்கும் காலத்தில் ஊருக்கு ஏணி இல்லாமல் திண்டாடினோம், யாரும் அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை. கையுறை, வெண்ணெய் என்று பேசிய வாய்களில் சில அப்போது அவள் வழியில் நின்று "மிசஸ் கால்வர்ஹே" என்று வணக்கம் சொன்னதையும் பார்த்தேன். அவ்வளவு தாமதமாக வந்த வணக்கத்தை அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். நானாக இருந்தால் வாங்கியிருக்கமாட்டேன்.

ஒரு வருஷம் அந்தப் பலகை அப்படிப் பாதி வெள்ளையாகவே இருந்தது. சாலையில் போனவர்கள் சரியான சேதியைப் படித்துக்கொண்டு போனார்கள்.

வருஷம் முடிந்ததும் பலகையை இறக்கி, சுத்தம் செய்ய என்று சொல்லி லெம்ஸ்டருக்கு அனுப்பினார்கள். கம்மரி அதைக் கழுவி, மிஸ் ஹொனோரியா சொன்னபடி முழுக்கக் கறுப்பாக மறுபடி பூசி, வார்னிஷும் அடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு புதன்கிழமை, ஊரெல்லாம் வயலில் இருந்த நேரத்தில், கோயில் வடக்குச் சுவரில் கம்பி வைத்து மாட்டிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் கெசியா பாதிரியார் வீட்டுக்குப் போனாள். பெரியம்மாவையும் என்னையும் கூட அழைத்துப் போனாள்.

பாதிரியார் எங்களை உட்காரச் சொல்லவில்லை. இது மிஸ் ஹொனோரியாவின் குடும்ப விஷயம், சபை இதில் தலையிடாது, கர்த்தருக்கு முன்னால் எல்லோரும் ஒன்றுதான், வெறும் வர்ணத்தில் என்ன இருக்கிறது, பெரிய மனது பண்ண வேண்டும் என்று நிறையச் சொன்னார்.

கெசியா எல்லாவற்றையும் கேட்டாள். "வர்ணத்துல ஒண்ணுமில்லைன்னா, ரெண்டு பக்கமும் வெள்ளையா அடிச்சிடுங்களேன் ஐயா" என்றாள்.

"அது எப்படிம்மா? அப்படின்னா அவர் சாகலைன்னு ஆயிடும். பொய்யில்லையா?"

"ஆமாங்க ஐயா. பொய்தான்."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பலகை இறங்கவில்லை. அந்த வீட்டிலிருந்து அவருக்கு வருகிற விறகும் வேட்டைக் கறியும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வந்தாள். மகளோடு கால்வர்ஹே பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைக்கு நேர் மேலே அந்தக் கறுப்பு. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். ஜெமைமாவிடம் குனிந்து சொன்னது பின் பெஞ்சில் இருந்த எங்களுக்குக் கேட்டது. "வா கண்ணு. நான் செத்துக் கிடக்கிற கோயில்ல நான் எப்படிப் பாடறது." எழுந்து வெளியே போனாள். என் அம்மாவும் எழுந்தாள், நானும் எழுந்தேன், பெரியம்மாவும், தன் கூலி அந்த வீட்டில்தான் என்பது தெரிந்தும், எழுந்தாள். அன்று முதல் பாலத்தைக் கடந்து மங்க்ஸ்வெல் கோயிலுக்குத்தான் போகிறோம். இன்னும் சில குடும்பங்களும் வந்தன. பெரியம்மாவின் வேலை அந்த வாரமே போயிற்று.

வொர்செஸ்டர்காரர் வீட்டுக்கு வந்ததும் கெசியா அப்பாவிடம் திரும்பிப் போய்விட்டாள். மிஸ் ஹொனோரியா ஊருக்குள் ஒரு வீட்டில் இன்னும் ரொம்ப வருஷம் இருந்தாள். அவள் போனபோது கல்யாணமாகாத பெண்ணுக்கு என்ன முறையோ அந்த முறையில், கேடயத்துக்குப் பதில் சாய்சதுரம் போட்டு, சுற்றிலும் கறுப்பு வைத்து, தம்பி பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அது சரியாகத்தான் இருக்கிறது. அவளுக்கு எல்லாமே சரியாகச் செய்தார்கள்.

இப்போது இளவயதுப் பாதிரியார் ஒருவர் வந்திருக்கிறார். லண்டனிலிருந்து சின்னங்களை வரைந்துகொண்டு போக ஆட்கள் வருகிறார்கள். இவர் அவர்களைச் சுவர் சுவராகக் கூட்டிப்போய், "ஆம்புரோஸ் கால்வர்ஹே, மணமாகாதவர்" என்று சொல்கிறார். என் அக்கா மகள் அங்கே தரை கழுவுகிறாள், அவள் காதால் கேட்டுவந்து சொன்னாள். நானே அவரிடம் போனேன். நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப சுவாரசியமான கதை என்றார். ஒரு வாளி சுண்ணாம்புகூட வேண்டாம் ஐயா, அந்தப் பொய்யை வாயால் சொல்லாமலாவது இருங்கள் என்றேன். விசாரிக்கிறேன் என்றார். போன ஈஸ்டருக்கு முன்னால் நடந்தது இது. இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். விசாரிக்க என்ன இருக்கிறது? பாலத்தைக் கடந்து போய்க் கதவைத் தட்டினால் அவளே வந்து திறப்பாள்.

மிசஸ் கெசியா கால்வர்ஹே மங்க்ஸ்வெல்லில், பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், மகள் ஜெமைமாவோடு வசிக்கிறாள்.